எச்.ஆர். படிப்பில் படிக்க என்னதான் இருக்கிறது?

11 மே 2025 – வந்த கேள்வி

"திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. கடைசி செமஸ்டர் எழுதி முடித்திருக்கிறேன். மேலே எச்.ஆர். படிக்க ஆசை. அண்ணன் ஐ.டி.யில் இருக்கிறார். 'கணக்கு வராதவங்கதான் எச்.ஆர். போவாங்க, நாலு வார்த்தை நல்லா பேசத் தெரிஞ்சா போதும், அதுக்கு எதுக்கு ரெண்டு வருஷம்' என்கிறார். அப்பா எம்.பி.ஏ. என்றால் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். எங்கள் மேடம் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, பார் என்கிறார். அக்கா, நீங்கள் இந்த வேலையில் இருப்பதால் கேட்கிறேன். எதை எடுப்பது? இதில் உண்மையிலேயே படிக்க ஏதாவது இருக்கிறதா?"

11 மே 2025, இரவு

உங்கள் அண்ணன் தன் கண்ணில் பட்ட எச்.ஆரை வைத்துப் பேசுகிறார். ஐ.டி. ஊழியருக்குத் தெரிவதெல்லாம் இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் குரலும், வருடம் ஒருமுறை வரும் அப்ரைசல் மெயிலும்தான். அதுவும் எச்.ஆர்.தான். ஆனால் ஓரத்தில் இருக்கும் ஒரு துண்டு.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் ஒரு நூல் மில், அப்புறம் ஒரு பம்ப் கம்பெனி, இப்போது வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலை என்று இருந்துவருகிறேன். மூன்று இடத்திலும் என் மேசைக்கு வந்தவை: ஆள் எடுப்பது, வருகைப் பதிவு, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கு, சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., விபத்து அறிக்கை, கேண்டீன் சண்டை, யூனியனோடு சம்பளப் பேச்சு, விசாரணை, வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை முடித்துக் கொடுப்பது. இதில் ஒன்றாவது கணக்கும் சட்டமும் தெரியாமல் நகருமா என்று அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒருவருக்குச் சேர வேண்டியது என்ன என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அதை அவர் கையில் போய்ச் சேர வைப்பதுதான் இந்த வேலை. பேச்சுத் திறமை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வெறும் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு வந்தவர்கள் ஒரு தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தையிலேயே திணறிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

எம்.பி.ஏ.வா, எம்.எஸ்.டபிள்யூ.வா என்பதை நாளை எழுதுகிறேன். அது ஒரு வரியில் முடியாது.

12 மே 2025

சரி, மூன்று வழி இருக்கிறது.

எம்.பி.ஏ.யில் முதல் வருடம் எல்லோருக்கும் பொது. கணக்கியல், புள்ளியியல், பொருளியல், மார்க்கெட்டிங், உற்பத்தி, நிதி என்று ஓடும். எச்.ஆர். தாள்கள் பெரும்பாலும் இரண்டாம் வருடத்தில்தான். எச்.ஆரோடு மார்க்கெட்டிங்கோ நிதியோ சேர்த்து இரட்டைச் சிறப்புப் பிரிவு எடுக்கப் பல கல்லூரிகளில் இடம் உண்டு. கோடையில் ஒரு இன்டர்ன்ஷிப், கடைசியில் ஒரு ப்ராஜெக்ட். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு ஒரு வாசல்.

எம்.எஸ்.டபிள்யூ. வேறு மாதிரி. முதல் வருடம் பெரும்பாலும் சமூகப்பணி அடிப்படை. ஒரு தனிமனிதரின் சிக்கலைக் கேட்டு எழுதுவது, ஒரு குழுவை நடத்துவது, ஒரு ஊரைப் புரிந்துகொள்வது. இரண்டாம் வருடம் மனிதவளப் பிரிவு எடுக்கலாம். வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, வகுப்புகள் முடிந்தபின் ஒரு மாதம்போல முழுநேரமாக ஒரு நிறுவனத்தில் இருக்கும் பிளாக் பிளேஸ்மென்ட்.

மூன்றாவது, நேரடியாக மனிதவளம் அல்லது தொழிலாளர் மேலாண்மையில் எம்.ஏ. சென்னை எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கிறது. 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறைக்கும் சென்னையில் சொந்தமாக ஒரு கல்வி நிலையம் உண்டு. இதைப் பற்றி நம் பக்கத்துக் கல்லூரிகளில் யாரும் சொல்வதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். கலெக்டர் ஆபீஸ் பக்கமே போகாத பிள்ளைக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பது எப்படித் தெரியும்?

மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்தையும் ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யையும் மறந்துவிடாதீர்கள். முதலாவது 1936-இல் சமூகப்பணிப் பள்ளியாகப் பிறந்தது. இரண்டாவது 1949-இல் ஒரு எஃகு நகரத்தில். இந்தப் படிப்பு நம் நாட்டில் எங்கிருந்து வளர்ந்தது என்பதை இந்த இரண்டு இடமுமே சொல்லிவிடும்: ஒரு கால் சமூகப்பணியில், ஒரு கால் ஆலையில். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 49-வது பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் ஒருவர் கட்டாயம் என்றது. அந்த நாற்காலியில் உட்கார ஆள் வேண்டும் என்பதால் சமூகப்பணிக் கல்லூரிகளில் இந்தப் பிரிவு செழித்தது. உங்கள் மேடம் எம்.எஸ்.டபிள்யூ. என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. நானும் எம்.எஸ்.டபிள்யூ.தான். அந்தச் சாய்வு என் பேச்சில் இருக்கும், தெரிந்துகொண்டே படியுங்கள்.

12 மே 2025, சற்று நேரம் கழித்து

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் ஏ.சி. வகுப்பையும் பார்க்க வேண்டாம். இரண்டே கேள்வி கேளுங்கள். தொழிலாளர் சட்டம் எத்தனை தாள், யார் நடத்துகிறார்? களப்பணிக்கு எந்த ஆலைக்கு அனுப்புகிறீர்கள், அங்கே போய்ப் பார்க்கும் ஆசிரியர் உண்டா? இந்த இரண்டுக்கும் தெளிவாகப் பதில் வந்தால் எம்.பி.ஏ.வோ எம்.எஸ்.டபிள்யூ.வோ, சேரலாம்.

16 மே 2025

"கணக்கு வராது" விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சம்பளச் சீட்டைப் பிரித்துக் காட்டுகிறேன். இதில் பத்தாம் வகுப்புக்கு மேல் எந்தக் கணக்கும் இல்லை.

மாதச் சம்பளம் 18,000 ரூபாய். இதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000. மீதி 6,000 வீட்டு வாடகைப் படி.

பி.எஃப். 12 சதவீதம், 12,000-க்கு 1,440. ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 18,000-க்கு 135. பிடித்தம் போகக் கையில் 16,425.

முதலாளி பக்கம்: அவர் போடும் பி.எஃப்.பும் 12 சதவீதம், 1,440. ஆனால் அது முழுக்க உங்கள் பி.எஃப். கணக்குக்குப் போகாது. 8.33 சதவீதம், சுமார் 1,000 ரூபாய், ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். மீதி 440 தான் பி.எஃப்.பில் சேரும். இன்சூரன்ஸுக்கு அரை சதவீதம், நிர்வாகச் செலவுக்கு அரை சதவீதம், இரண்டும் சேர்ந்து 120. ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 585. ஆக, இந்த ஒரு ஆளுக்கு நிறுவனம் செலவழிப்பது 20,145.

வேலை உத்தரவில் சி.டி.சி. (நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) 20,145 என்று போட்டிருக்கும். வீட்டில் "இருபதாயிரம் சம்பளம்" என்று இனிப்பு கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் 16,425 வந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கும் பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன். வேலைக்குச் சேரும் அன்றே ஒரு வெள்ளைத் தாளில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுவது என் வழக்கம். ஐந்து நிமிடம் ஆகும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை நம்மை நம்பும்.

17 மே 2025

வேலையை விட்டுப் போகும்போது வருடக் கணக்குப்படி தரும் பணிக்கொடைதான் கிராஜுவிட்டி. ஒரு வாசகர் எழுதியிருக்கிறார், "கிராஜுவிட்டிக்கு மாதச் சம்பளத்தை 30 ஆல் வகுத்து 15 நாள் கொடுத்தால் போதும்தானே" என்று. இல்லை. 26 ஆல் வகுக்க வேண்டும். வார விடுமுறை போக வேலை நாள் 26 என்று வைத்துத்தான் கணக்கு. கடைசியாக வாங்கிய அடிப்படையும் பஞ்சப்படியும் கூட்டி, 15 ஆல் பெருக்கி, 26 ஆல் வகுத்து, வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் உள்ள மீதி ஒரு முழு வருடம். 12,000 ரூபாய்க்காரர் பத்து வருடம் வேலை பார்த்திருந்தால் 69,231. முப்பதால் வகுத்தால் 60,000. ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஒரு தொழிலாளி வீட்டில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு எண்ணை மாற்றிப் போட்டால் போய்விடும் பணம் அது.

3 ஜூன் 2025

களப்பணி என்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னை முதலில் டைம் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். மில் வாசலுக்கு உள்ளே, செக்யூரிட்டி அறையை ஒட்டி ஒரு சின்ன அறை. முதல் ஷிப்ட் ஏறுவதற்கு முன்னால் வரிசையாகக் கை ரேகை வைத்துப் போவார்கள். பஞ்சுத் தூசியில் ரேகை மழுங்கிப் போனவர்களுக்கு மிஷின் சிவப்பு விளக்குதான் காட்டும். துப்பட்டாவில் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள். பின்னால் நிற்பவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போடுவார்கள். கடைசியில் டைம் ஆபீஸ் அண்ணன் ஒரு நீளமான நோட்டில் டோக்கன் நம்பரை எழுதிக்கொண்டு உள்ளே விடுவார். அந்த நோட்டுப் பதிவு அன்றே கம்ப்யூட்டரில் ஏறாவிட்டால் அந்த அம்மாவுக்கு அன்றைய நாள் ஆப்சென்ட். மாதக் கடைசியில் ஒரு நாள் சம்பளம் குறையும். அதைக் கேட்க அவர் சூப்பர்வைசரிடம் போய், சூப்பர்வைசர் எச்.ஆரிடம் அனுப்பி, எச்.ஆர். டைம் ஆபீஸுக்கு அனுப்பி... இதற்குள் இன்னொரு அரை நாள் போய்விடும்.

வகுப்பில் குறைதீர்ப்பு முறை என்று ஒரு பாடம் வரும். படி ஒன்று, படி இரண்டு என்று படம் போட்டிருக்கும். டைம் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்தப் படத்தில் எந்த அம்புக்குறி எங்கே அறுந்துபோகும் என்று தெரியும். களப்பணியின் பயன் அதுதான்.

அந்த டைம் ஆபீஸ் அண்ணனிடம் கற்றது எனக்கு இன்றும் உதவுகிறது. ஓ.டி. ரெஜிஸ்டரில் பென்சிலில் எழுதிய வரி எது, பேனாவில் எழுதியது எது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். 1948 தொழிற்சாலைச் சட்டப்படி நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் தாண்டினால் இரட்டைச் சம்பளம். பென்சில் வரிகளில் இருப்பவை அழிக்கத் தோதாக எழுதப்பட்டவை.

8 ஜூன் 2025

அந்த மில்லைப் பற்றி மட்டுமே சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்தான். நல்ல மில்களும் உண்டு. ஆனால் படித்து முடித்துப் போகும் பெண்ணுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன். நான் முதலில் சேர்ந்த இடத்தில், பெயர் வேண்டாம், புதிதாகச் சேரும் எல்லோருடைய அசல் சான்றிதழையும் வாங்கி பீரோவில் வைத்துக்கொள்வார்கள். என்னுடையதும் உள்ளே இருந்தது. அப்புறம் அதை வாங்கி வைக்கும் வேலையே எனக்கு வந்தது. டிப்ளமா முடித்த ஒரு பையன், அரசு வேலைக்கு சான்றிதழ் சரிபார்ப்பு இருக்கிறது, இரண்டு நாளைக்கு மட்டும் கொடுங்கள் என்று மூன்று முறை வந்து நின்றான். மேலே கேட்டால், கொடுத்தால் திரும்பி வரமாட்டான் என்றார்கள். போராடி வாங்கிக் கொடுத்தேன். அந்த வருடமே அங்கிருந்து கிளம்பினேன்.

நீங்கள் எங்கே சேர்ந்தாலும் சரிபார்க்க அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நாளை நீங்களே எச்.ஆராக உட்காரும்போது மற்றவர்களுக்கும் அப்படியே செய்யுங்கள்.

2 ஜூலை 2025

பெயர் பிரச்சினை. இது எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்காது. ஆனால் தமிழ்நாட்டில் எச்.ஆர். வேலை பார்ப்பவரின் வாரத்தில் பாதி நாளை இது தின்றுவிடும்.

மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு அக்கா, கணவரின் ஆபரேஷனுக்காகப் பி.எஃப்.பிலிருந்து முன்பணம் கேட்டு எழுதியிருந்தார். நிராகரிப்பு. காரணம்: பெயர் பொருந்தவில்லை. பி.எஃப். கணக்கில் 'கே. பழனியம்மாள்'. பழைய கிளார்க் டோக்கன் புத்தகத்தில் இருந்தபடி ஏற்றியது. ஆதாரில் அப்பா பெயரை விரித்து 'பழனியம்மாள் கந்தசாமி'. பாங்க் புத்தகத்திலோ கணவர் பெயரின் முதல் எழுத்து. பிறந்த தேதியும் இரண்டு இடத்தில் வேறு வேறு. ஒரே மனுஷிதான், மூன்று தாளில் மூன்று பேர்.

கூட்டு உறுதிமொழிப் படிவம் போட வேண்டும். தொழிலாளி ஒருபக்கம், நிறுவனம் ஒருபக்கம், இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆதாரப் பத்திரங்கள் இணைக்க வேண்டும். அவர் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரை. டி.சி.க்கு அந்த ஊர்ப் பள்ளிக்கு ஆள் அனுப்பினோம். தலைமையாசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பணம் வருவதற்குள் கடன் வாங்கித்தான் ஆபரேஷன் நடந்தது. ஆனால் வந்தது. அந்தக் கடன் அடைந்தது.

அதிலிருந்து, சேரும் அன்றே ஆதார், பாங்க் புத்தகம், பி.எஃப். படிவம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டு டிக் போடும் ஒரு தாளை வைத்திருக்கிறேன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்கும் அதே தாள். அவர்களுக்கு இனிஷியல் சிக்கல் இல்லை. குமார், கூமார் என்று ஒரு எழுத்து கூடிக் குறையும் சிக்கல் இருக்கிறது.

சமூகப்பணி படித்தது எனக்கு உதவியது இங்கேதான். அந்த அக்கா முதலில் வந்தபோது "பணம் வரலீங்க" என்று மட்டும்தான் சொன்னார். ஆபரேஷன் என்ற வார்த்தையே அப்புறம்தான் வந்தது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவசரப்படுத்தாமல் கேட்டால்தான் அது வெளியே வரும். அப்படிக் கேட்கப் பழக்குவதை நான் படித்த கல்லூரி ஒரு பாடமாகவே வைத்திருந்தது.

10 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்ட பெண்ணே எழுதியிருக்கிறார். எம்.எஸ்.டபிள்யூ.வில் சேர்ந்துவிட்டாராம், மகிழ்ச்சி. "தொழிற்சங்க வரலாறு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள் அக்கா, 1918, 1926 என்று. அது எதற்கு?"

மனப்பாடம் செய்யாதீர்கள், கதையாகப் படியுங்கள். பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கிறது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். அன்றைய குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. பிறகு தகராறு முற்றி, நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 1920-இல் வாடியாவுக்கும் சங்கத் தலைவர்களுக்கும் எதிராகத் தடை வாங்குகிறது. தொழிலாளர்களை ஒன்று சேர்த்தாலே குற்றம் என்றால் சங்கத்துக்கு என்ன பாதுகாப்பு? அந்தக் கேள்விதான் நாடு முழுக்கப் பேசப்பட்டு 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் போய் முடிகிறது. இப்போது அந்த இரண்டு வருடமும் மறக்குமா?

இன்றைக்கு வாருங்கள். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம். முக்கியக் கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். நூறு வருடம் கழித்தும் கேள்வி அதே இடத்தில் நிற்கிறது. இதில் எந்தப் பக்கம் நின்றாலும், வரலாறு தெரியாமல் பேச்சுவார்த்தை மேசைக்குப் போகக் கூடாது. எதிரில் உட்காரும் சங்கத் தலைவருக்கு இது முழுக்கத் தெரிந்திருக்கும்.

சாப்பாட்டு இடைவேளை என்றதும் ஒன்று. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணியாவது இடைவேளை விட வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஆலையில் கேண்டீனுக்கு நடந்து போய், வரிசையில் நின்று, தட்டைக் கையில் வாங்கும்போதே பாதி நேரம் போய்விடுகிறது என்று ஒரு புகார் வந்தது. கடிகாரத்தோடு நான் அந்த வரிசையில் போய் நின்றேன். புகார் உண்மை. கவுன்டரை இரண்டாக்கினோம், தீர்ந்தது. வாடியா காலத்துக் குறைதான்.

11 ஆகஸ்ட் 2025

தேர்வுக்கு வரும் இன்னொன்று: 1947 தொழில் தகராறுச் சட்டத்தின் 18(1) ஒப்பந்தத்துக்கும் 12(3) ஒப்பந்தத்துக்கும் என்ன வித்தியாசம். முதலாவது நிர்வாகமும் சங்கமும் தாங்களாகப் பேசி முடிப்பது, கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டும். இரண்டாவது தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் சமரசத்தில் முடிவது, ஆலையில் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டும், பிறகு சேரப்போகிறவர்களையும் சேர்த்து. மூன்று சங்கம் இருக்கும் ஆலையில் இந்த வித்தியாசம் தெரியாதவர் போடும் ஒப்பந்தம் மறுநாளே கிழியும்.

21 செப்டம்பர் 2025

மே மாதம் எம்.எஸ்.டபிள்யூ. பக்கம் சாய்ந்து எழுதினேன். அதற்கு இன்னொரு பக்கம் உண்டு, அதையும் எழுதாமல் விட்டால் நியாயமில்லை.

பம்ப் கம்பெனியில் இருந்தபோது, பொள்ளாச்சி ரோட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பெண்களுக்கு ஒரு பஸ் விட வேண்டும் என்று கேட்டேன். இரண்டாம் ஷிப்ட் முடிந்து பத்தரை மணிக்கு மேல் டவுன் பஸ் கிடைக்காமல் அவர்கள் நிற்பதை எடுத்துச் சொன்னேன். எம்.டி. தலையாட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. என்னோடு இருந்த சீனியர், எம்.பி.ஏ. படித்தவர், அதே கோரிக்கையை ஒரு பக்கத் தாளாக மாற்றினார். போன வருடம் அந்த ஷிப்டில் வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை, புது ஆளைத் தேட என்ன செலவு, பழக்கும் மாதங்களில் கழிவாகும் உருப்படி எவ்வளவு, பஸ் வாடகை எவ்வளவு. கடைசி வரியில் இரண்டு தொகை. விட்டுப் போகிறவர்களால் ஆகும் நஷ்டம் பஸ் வாடகையை விட அதிகம். அடுத்த மாதம் பஸ் ஓடியது.

நிர்வாகம் கேட்கும் மொழி அது. அடக்கவிலைக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, கொஞ்சம் புள்ளியியல் தெரியாத எச்.ஆர். எவ்வளவு நல்ல மனதோடு கேட்டாலும் மனு கொடுப்பவராகவே நிற்க வேண்டியிருக்கும். பி.பி.ஏ.விலேயே கணக்கியல் படித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் போகிறவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. அந்தப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பி.ஏ. தமிழோ வரலாறோ முடித்து நேராக எம்.எஸ்.டபிள்யூ. வந்தவர்கள் விடுமுறையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் போய் உட்காருங்கள். சம்பளம் கேட்காதீர்கள், அவர்களும் தரமாட்டார்கள். வவுச்சர் பார்ப்பதும் எக்செல் போடுவதும் கைக்கு வந்துவிடும்.

23 நவம்பர் 2025

காலையிலிருந்து எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆம், நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டன. 29 பழைய சட்டங்கள் இந்த நான்குக்குள் அடக்கம்: 2019-இன் ஊதியத் தொகுப்பு, 2020-இன் தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு. விதிகள் முழுமையாக வரும் வரை பழைய விதிகளும் தொடரும். ஆக, இந்த வருடம் படிக்கிறவர்கள் பழையதையும் புதியதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கஷ்டம்தான். ஆனால் இரண்டும் தெரிந்த தலைமுறை நீங்கள் மட்டும்தான் என்பதால் வேலைக்குப் போகும் இடத்தில் உங்களுக்கு மதிப்பு.

மேலே நான் எழுதியவற்றில் மாறுவதை மட்டும் சொல்கிறேன்.

நல அலுவலர்: 500 பேர் என்ற வரம்பு 250 ஆகிறது. கேண்டீன் கட்டாயம் என்ற வரம்பு 250 பேரிலிருந்து 100 பேராகிறது. நடுத்தர ஆலைகளுக்கும் இனி நல அலுவலர் வேண்டும் என்பதால் படிக்கிறவர்களுக்கு இது நல்ல சேதி.

சம்பளம்: இதுதான் பெரிய மாற்றம். படிகள் எல்லாம் சேர்ந்து மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை பி.எஃப்., கிராஜுவிட்டி கணக்கிடும் சம்பளத்தோடு சேரும். 30,000 ரூபாய் வாங்குகிறவருக்கு அடிப்படையை 9,000 என்று காட்டி மீதி 21,000-ஐப் படியாகப் பிரித்துப் போட்டிருக்கும் நிறுவனங்கள் ஏராளம். இனி 15,000-ஐத் தாண்டிய 6,000 சம்பளத்தில் சேர்ந்து 15,000 ஆகிவிடும். மே மாதம் சொன்ன கிராஜுவிட்டிக் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். பத்து வருடத்துக்கு 9,000-க்கு 51,923. 15,000-க்கு 86,538.

குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை. முன்பு ஐந்து வருடம். வேலையை விட்டவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளில் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் நியமன உத்தரவு கட்டாயம்.

23 நவம்பர் 2025, இரவு

நல்லதை மட்டும் எழுதி நிறுத்தினால் அது பாதிதான். ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகிவிட்டது. நிலையாணைகளுக்கும், அதாவது ஆலையின் ஒழுங்குமுறைகளை எழுதி வைக்கும் விதிகளுக்கும், 300. எந்தத் துறையானாலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது. 150 பேர் வேலை பார்க்கும் ஆலையில் நாளை காலை என்ன ஒழுங்குமுறை என்று எழுதி ஒட்டப்பட்ட தாள் இல்லாமல் போனால், அங்கே எச்.ஆர். மேசையில் உட்கார்ந்திருப்பவரின் நேர்மைதான் மிச்சம். எனக்கு இது கவலையாகவே இருக்கிறது. வகுப்பில் இதை விவாதியுங்கள். எங்கள் ஆலையில் நிலையாணையை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

7 டிசம்பர் 2025

"ஆலை வேண்டாம், அரசு வேலை வேண்டும்" என்று இரண்டு பேர். இருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் பி.எஃப். அமலாக்க அதிகாரி தேர்வில் தொழிலுறவும் தொழிலாளர் சட்டமும் பாடத்திட்டத்திலேயே உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-இல் தொழிலாளர் உதவி ஆய்வாளர் பதவி. பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் யு.ஜி.சி. நெட்டில் மேலாண்மைக்கு 17-ஆம் எண் பாடம், தொழிலாளர் நலம், மனிதவளம் எல்லாம் சேர்ந்த பாடம் 55-ஆம் எண். எம்.எஸ்.டபிள்யூ.வில் மனிதவளம் எடுத்தவர்கள் சமூகப்பணியில்தான் எழுத முடியும் என்று நினைத்துக்கொண்டு 55-ஐக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

18 ஜனவரி 2026

திண்டுக்கல் தங்கை மறுபடி வந்திருக்கிறார். முதல் செமஸ்டர் முடிந்ததாம். சட்டத்தில்தான் அதிக மதிப்பெண்ணாம். அண்ணன் தன்னுடைய சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து பிரித்துச் சொல்லச் சொன்னாராம். இப்போது கேள்வி, ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுப்பது, "தொழிலாளர்களின் பணித் திருப்தி" எடுக்கட்டுமா என்று.

வேண்டாம் தங்கச்சி. பணித் திருப்தி பற்றி நூறு பேரிடம் ஐந்து கட்டம் போட்ட கேள்வித்தாள் கொடுத்தால், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது எல்லோரும் 'திருப்தி' என்ற நான்காவது கட்டத்தில்தான் டிக் போடுவார்கள். அந்த ஆய்வு நூலகத்தில் அடுக்கி வைக்கத்தான் ஆகும்.

இதைச் செய்யுங்கள். களப்பணிக்குப் போகும் ஆலையில் கடைசி ஒரு வருடத்தில் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் நின்றுபோனவர்களின் பட்டியல் கேளுங்கள். எந்தத் துறை, எந்த ஷிப்ட், எந்த ஊர், யார் மூலம் வந்தவர், விடுதியா வீட்டிலிருந்தா என்று ஒரு தாளில் பிரியுங்கள். பெயரை எழுதாமல் எண் மட்டும் போடுங்கள். அப்புறம் அவர்களில் கிடைக்கிறவர்களை ஆலைக்கு வெளியே, அவர்கள் ஊரில், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம், தோழியோடு போங்கள். கேள்வித்தாளை நீட்டாதீர்கள், முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எந்த நாளில் போகலாம் என்று தோன்றியது என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

பட்டியலைத் தர நிர்வாகம் யோசிக்கும். கல்லூரியின் கடிதம், ஆலையின் பெயர் வெளியே வராது என்று உங்கள் துறைத்தலைவர் கையெழுத்திட்ட ஒரு உறுதி, முடிவுகளை முதலில் அவர்களிடமே தருகிறோம் என்ற ஒரு வரி, மூன்றையும் எடுத்துக்கொண்டு மாதத்தின் இரண்டாம் வாரத்தில் போங்கள். முதல் வாரம் சம்பள வேலை, பதினைந்தாம் தேதிக்குள் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டும் அவசரம். எட்டிலிருந்து பத்துக்குள் போனால் எச்.ஆர். உட்கார்ந்து பேசுவார். தாளின் வடிவத்தை முதலில் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.